முழங்காலில் முட்டும் கம்பி

டார்லா மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டிய விமானத்துக்குப் படகு மாதிரி வயிறு. தரையில் இறங்கச் சக்கரங்கள் உண்டு. தண்ணீரில் இறங்குமுன் அவற்றை மேலே மடக்கிவிட வேண்டும். மறந்து தொங்கவிட்டால் தண்ணீர் சக்கரத்தைப் பிடித்து இழுத்து, விமானத்தையே குப்புறக் கவிழ்த்துவிடும். அலாஸ்கா ஏரிக்கரையில் இது தெரியாத வீடில்லை.

அதற்காகவே டார்லா ஒரு கம்பி வைத்திருந்தாள். சக்கரம் கீழே இருக்கையில் எஞ்சின் வேகத்தைக் குறைத்தால், அது சாய்ந்து ஓட்டுகிறவன் முழங்காலில் நங்கென்று முட்டும். ஓட்டுகிறவன் அவள் புருஷன் வெர்ன்.

"தாயே, தரையில இறங்குறப்பல்லாம் உதை வாங்குறேன். ரெண்டு அங்குலம் வெட்டிவிடேன்."

"தரையில முட்டினா வலியோட போச்சு. தண்ணிக்கு மேல முட்டினா உசுரு மிஞ்சும். வெட்ட மாட்டேன், போ."

"முப்பது வருஷமா ஏரியில இறங்குறவனுக்குப் பாடமா?"

"உன் பழைய விமானத்துக்கு அடியில வெறும் மிதவைதானே ராசா! இல்லாத சக்கரத்தை எப்படி மறப்பே?"

முதன்முதலாக ஏரியில் இறக்கிப் பார்க்கும் நாள் வந்தது. சரளைக்கல் ஓடுபாதையிலிருந்து ஏரிக்கு நாலே நிமிஷம். "நடுவுல தொணதொணக்காதே" என்று சொல்லி, வெர்ன் ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினான்.

டார்லா கையில் ரேடியோவோடு படகுத்துறையில் காத்திருந்தாள். அங்கே சால்மன் மீன் வாட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன டார்லா, உன் வாத்து காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு வருது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையிலிருந்த மீன் நழுவியது.

டார்லா ரேடியோவில் கத்தினாள். பதிலில்லை. விமானம் போனால் போகிறது, இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற தடியனுக்கு எங்கே போவாள்? எஞ்சின் சத்தம் தணிந்தது. தண்ணீருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான்.

திடீரென எஞ்சின் உறுமியது. விமானம் இருவர் தலைக்கும் மேலாக ஏறிப் பறந்தது. ஒரு சுற்று சுற்றி, சக்கரத்தை மடக்கிக்கொண்டு வந்து பூப்போல ஏரியில் உட்கார்ந்தது.

வெர்ன் துறையில் ஏறி நடந்து வந்தான். டார்லா ரேடியோவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன ராசா, நொண்டுறே?"

"கொசு கடிச்சிருச்சு."

"பெரிய கொசுதான். ரெண்டு அங்குலம் வெட்டிடவா?"

வெர்ன் கஸ்ஸின் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து வெகுநேரம் மென்றான்.

"அதுமேல கைய வச்சுப் பாரு, தெரியும் சேதி."