செத்துப்போகாத சொல்

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாரம்மா வேலைக்கு ஆள் எடுத்த வருஷம் 1913. கெசியாளுக்கு அது கிடைத்தே தீரவேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகளோடு முக்கூடலில் அண்ணன் வீட்டு அடுப்படிதான். விதவை நாத்தனாருக்கு மதினி ஊற்றும் கஞ்சியின் ருசி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அண்ணன் இஸ்ரவேல் வேறு, இவள் தேறமாட்டாள் என்று நிச்சயம் பண்ணி, வண்டியில் பெட்டியையும் பிள்ளைகளையும் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்தான். நல்ல நம்பிக்கை!

அவள் இங்கிலீஷ் படித்ததெல்லாம் வேதக்கோயிலில். வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் ஜெபம் பண்ணுவதை எழுதிவைத்து, கரையான் தின்றது போக மிஞ்சிய பழைய அகராதியில் அர்த்தம் பார்த்துப் படித்தவள். அதனால்தான் இங்கிலீஷ் பரீட்சைக் கட்டுரையில், எங்கள் ஊர் ஆற்றுக்குப் பக்கம் என்பதற்கு, ஜெபத்தில் கேட்ட பழைய வார்த்தையான 'நை' (nigh) போட்டு எழுதிவிட்டாள்.

பள்ளி இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். பக்கத்தில் பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானி.

"நையாம் நை! 'நியர்'னு எழுதத் தெரியாதோ? செத்துப்போன வார்த்தைய வச்சி பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பிய?"

செத்துப்போன வார்த்தை என்றாரே, அங்கேதான் கெசியாளுக்குக் கோபம் வந்தது.

"அது சாகல ஐயா. கிட்டத்துல இருக்கதுக்கு அந்தக் காலத்துல 'நை'தான் சொல்லு. அதவிடக் கிட்டன்னா 'நியர்'. எல்லாத்தையும்விடக் கிட்டன்னா 'நெக்ஸ்ட்'. நீங்க சொல்லுத 'நியர்', நை பெத்த பிள்ள."

"யாரு சொன்னா?"

"அகராதி சொல்லுது. 'நெய்பர்'ங்கோமே, அதுக்குள்ளயும் நைதான். கிட்டத்துல குடியிருந்து பயிர் வைக்கவன்னு அர்த்தம். நாம அண்டைய வச்சி அண்டைவீட்டுக்காரன்னு சொல்லலியா?"

துரைசானிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். எழுந்துபோய் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஏயப்பா!" என்றார், மனுஷன் நேர்மையானவர். "நாப்பது வருஷமா இங்கிலீஷ் பேசுதேன், இது தெரியாமப் போச்சே. திங்கக்கிழம வந்து சேருங்கம்மா. வீடும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே இருக்கு."

கெசியாள் ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன, கெளம்புவமா?" என்றான் இஸ்ரவேல், மாட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டு.

"பெட்டிய எறக்குண்ணே! அண்டைவீட்டுல யாரு இருக்காவன்னு போயிப் பாக்கணும்."