இழை தப்பிடும்

காலையில் முசரவாக்கத்தில் பஸ் ஏறும்போதே தெபோராள் ஒரு ஜெபம் செய்துவிடுவாள். "ஆண்டவரே, இன்னைக்கு யாருகிட்ட உம்மைப் பத்திச் சொல்லணும்னு நீரே காட்டும்." வாய் அப்படிக் கேட்கும், மனசு அதற்கு முன்பே ஆளைப் பொறுக்கி வைத்திருக்கும். பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண், ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நிற்கும் கிழவர், இப்படி. சொன்னால் திட்டாதவர்களாகப் பார்த்துத்தான் ஆண்டவர் காட்ட வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், போங்கள்!

அவள் தொழில் பாவு பிணைப்பது; பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை எழுந்திருக்க முடியாது. பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் அவள் கைபட்டவைதான்.

அதில் குப்புசாமி வீட்டை மட்டும் அவள் ஜெபத்தில் சேர்த்ததே இல்லை. எப்படிச் சேர்ப்பாள்? மனிதருக்கு நெற்றி நிறைய விபூதி, தறிக்கு மேலே ஏகாம்பரநாதர் படம், பங்குனித் திருவிழா வந்தால் சாமி தூக்க முதல் ஆள். "இன்னாமா அல்லேலூயா, எப்டியோ எங்க சாமி உன் விரல்லயும் சாம்பலப் பூச வெச்சிட்டாரு பாத்தியா" என்று கிண்டலடிப்பார். மத்தியானமானால் அவர் மனைவி தையல்நாயகி கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவாள். அந்த வீட்டில் போய் வாயைத் திறந்து பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா?

ஐப்பசி மழையில் ஒருநாள். எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த குப்புசாமி, அன்றைக்குக் கிண்டல் இல்லாமல் பேசினார்.

"தெபோரா, ஒண்ணு கேக்கட்டாமா? எங்க அண்ணன் சாகக் கெடந்தப்ப ஆளு மேல ஆளு அனுப்பிக்கினே இருந்தாரு. ரெண்டு வூட்டுக்கும் நடுச் சொவத்துத் தகராறு, பேச்சு இல்ல. நான் போவல. இப்ப கால்ல வுழலாம்னா ஆளு இல்ல. உங்க சாமி எல்லாத்தையும் மன்னிப்பாருன்றீங்களே, செத்தவங்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பையும் அவரு குடுப்பாரா?"

காலை ஜெபத்துக்குப் பதில், கையில் இழையோடு எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. இதைவிட எப்படி ஐயா காட்டுவார் ஆண்டவர்? மைக் வைத்தா சொல்வார்? தெபோராளுக்குச் சிலுவையில் கடைசி மூச்சில் மன்னிப்புப் பெற்ற கள்ளனின் கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பார்த்துக் கண் மேலே படத்துக்குப் போனது. உள்ளே தையல்நாயகி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. மதம் மாற்ற வந்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால்?

"பேசிக்கினே பண்ணா இழை தப்பிடும்ணா" என்றாள்.

அந்தத் தெருவில் இந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஓர் இழை மாறிவிட்டால் சேலை நீளத்துக்கும் கோடு விழுமே! ஆனால் தெபோராளின் விரல் பேச்சால் தப்பியதே கிடையாது. காலையிலிருந்து டி.வி. சீரியல் மாமியாரை வறுத்தெடுத்துக்கொண்டேதான் பிணைத்தாள்; அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவரும் இதே குப்புசாமிதான். அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "சரிமா" என்று அடுத்த இழையை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் தெபோராள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். அடுத்த பாவுக்கு வரும்போது கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தாள். நடுவில் ஒருநாள் சும்மா போய்ச் சொல்லியிருந்தால் கால் தேய்ந்தா போயிருக்கும்? போகவில்லை, பாவி.

அடுத்த பாவுக்குப் போன் செய்தது தையல்நாயகி. சேதியும் அந்தப் போனில்தான் தெரிந்தது. மார்கழியில், தறியில் உட்கார்ந்திருந்தபோதே குப்புசாமிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மிச்சப் பாவைத் தையல்நாயகியே நெய்து தீர்த்திருந்தாள்.

இப்போது எதிரே அவள் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள். அந்த வெற்று நெற்றியைப் பார்த்ததும் தெபோராள் முறுக்குவதை நிறுத்தினாள்.

"அக்கா, அண்ணன் எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான்தான்..."

"தெரியும்மா. நீ போன கையோட எங்கிட்ட சொன்னாரு. 'அப்டி ஒரு மன்னிப்பு இருந்தா அந்தப் பொண்ணு எங்கிட்ட மறைக்குமா? நம்மளுக்கெல்லாம் கெடையாது போலக்குது'ன்னாரு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தெபோராளுக்கு.

குப்புசாமி கேட்ட கேள்வி இனி அவளுடையது. செத்தவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்புக்கு யாரிடம் போவது? பதில் அவளுக்கு மனப்பாடம். கேட்டவருக்குச் சொல்லாத பதிலைத் தனக்குச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளுக்குள் மறுபடியும் அதே உந்துதல்: சொல், இவளிடம் சொல். இந்தத் தடவை அவள் மேலே படத்தைப் பார்க்கவில்லை, தெருவை நினைக்கவில்லை.

"மறைச்சது என் தப்புக்கா. அந்த மன்னிப்பு எல்லாருக்கும் இருக்குது. இயேசு சிலுவையில தொங்கும்போது பக்கத்துல ஒரு திருடன்..."

தையல்நாயகி அடுத்த இழையை நீட்டினாள். கண் இழையை விட்டு எழவில்லை.

"வேலையப் பாருமா" என்றாள். "இழை தப்பிடும்."