எண்ணெய்த் தலை

எண்ணெய்த் தலை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூளையின் மின்துடிப்பைத் தாளில் கோடாக எழுதும் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எண்பத்தொன்பதாம் வருடம். பக்கத்து ஊரான மேருவில் லோரியிலிருந்து விழுந்து நினைவு தப்பிய சபாபதிக்கு அன்று நாலாம் நாள். டார்ச் அடித்தாலும் கண்மணி சுருங்கவில்லை. மூச்சும் மெஷின் விடுகிற மூச்சுதான். மூளை இறந்துவிட்டதாக டாக்டர் தம்பு ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். என் கோடுகளையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தார்.

தலையில் கம்பிகளை ஒட்டப் போனால் எண்ணெயில் வழுக்கியது. எரிச்சலில் பிளாஸ்டரை அப்பி மெஷினை ஓடவிட்டேன். பேனாக்கள் ஏறி இறங்கின.

கட்டிலருகே நின்ற அவர் மனைவி பவுனம்மாள் தாளை எட்டிப் பார்த்தார். "அசையுதே தம்பி. அவரு இருக்காருதானே?"

"என்னமோ வருதுக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும். அந்த அம்மாள் கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேவிட்டார்.

டாக்டர் வந்து தாளைப் புரட்டினார். "கன்னையா, மெஷின் மூச்சு விடறப்பெல்லாம் ஒரு அலை வருது பாரு. தலை ஆடுது, கம்பி லூசு. இது மூளை இல்ல லா. துடைச்சிட்டு மறுபடி போடு."

"யாரு எண்ணெய் வெச்சது?" என்று கடுகடுத்தேன்.

"நான்தான். மாரியம்மன் கோயில் விளக்குல எடுத்தது. தினம் காலையில வெச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

"துடைச்சா கோடு அசையறது நின்னுடுமா?"

"நின்னுடலாம்கா."

பவுனம்மாள் பஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அழுத்தித் தேய்ச்சா அவருக்குப் புடிக்காது. நானே துடைக்கிறேன்."

உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் துடைத்தார்.

இந்த முறை கம்பிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அரை மணி நேரம் தாள் ஓடியது. எல்லாக் கோடுகளும் நேராகவே போயின.

"இன்னும் எங்கயாச்சும் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருக்கா, தம்பி?"

"இல்லக்கா. சுத்தமா துடைச்சிருக்கீங்க."