அணைத்த உலை

மனைவி கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடக்க, அவர் அறை அறையாகப் போய் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னிக்காவது சும்மா உக்காருங்களேன்," என்றாள் மகள்.

அவர் என்ன செய்வார்? ஆயுள் முழுக்கத் தீயணைப்பு வேலை. ஆளில்லாத இடத்தில் எது எரிந்தாலும் கை துறுதுறுக்கும். பாழாய்ப்போன அந்தக் கைதான் போன வாரம் காரியத்தைக் கெடுத்தது.

தன் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த மனைவி, அங்கே விட்டுவந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். போனார். யாருமில்லாத அறையில், மேஜைமேல் ஒரு சின்ன உலை சிவந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்.

உலைக்குள் இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நெருக்குண்ட ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் துளி கரிவாயு. பூமியின் அடியாழத்தில் கரி என்ன ஆகிறது என்று பார்க்க அவள் மாதக்கணக்கில் மெனக்கெட்டது. "கழுத்துக்கு இல்லாத வைரம் கரிக்கா?" என்று அவர் கேலி செய்தால் சிரிப்பாள்.

"அவ்வளவு ஆழத்துல கரிவாயு குமிழியா நிக்காதுங்க. தண்ணியில கரைஞ்சு வேற ஆளாயிடும். சூடு போச்சுன்னா பழையபடி குமிழிதான். இருக்கும்போதே பாத்தாத்தான் உண்டு."

அவர் 'ம்' கொட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

"உலை எரியுதாங்க?" என்று அவள் படுக்கையிலிருந்து கேட்டபோதுதான், தான் அணைத்தது எதை என்று அவருக்கு உறைத்தது.

"எரியுது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

உடம்பு தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். அவளோ தினமும் கேட்டாள். அவரும் தினமும் எரியுது என்றார். நேற்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த பெண் மாலையோடு வந்தாள். அவர் அவளை வாசலுக்கு அழைத்துப்போனார்.

"உலையை அணைச்சது நான்தாம்மா. அவகிட்ட சொல்லவே இல்ல."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்களுக்கு மறுநாளே தெரியும் சார். உலை ஆறிக்கிடக்குன்னு நான்தான் போன்ல சொன்னேன். சிரிச்சிட்டாங்க. 'அவரைத் தவிர யாரு? விடு, மறுபடி ஏத்திக்கலாம். அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதே, அவரே என்கிட்ட சொல்லுவார்'னாங்க."

அவர் தலையாட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே வந்தார்.

சமையலறையில் யாரோ தண்ணீர் வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். அவர் அடுப்பின் முன் போய் நின்றார். அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. பாத்திரம் வற்றிக் கருகும் வாடை கூடத்துக்கு வந்த பிறகு, மகள் ஓடி வந்து அடுப்பை நிறுத்தினாள்.