இரத்தினசிங்கத்தின் ஐந்து நிமிடம்

வாய்க்கரிசிக்கு எடுத்த பச்சையரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கன்பராவிலிருந்து போன் வந்தது. அடித்தது இரத்தினசிங்கத்தின் போன். ஐந்து நாளாக அதை மறக்காமல் சார்ஜில் போட்டு வந்தவள் சிவகௌரி. செத்த மனிசனின் போனுக்கு ஏன் சார்ஜ் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"மிஸ்டர் இரத்தினசிங்கம் இருக்கிறாரா?" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் அவருடைய மனைவி. அவர் வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். மாரடைப்பு. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ரூக்வூட் மயானத்தில் தகனம்." சிட்னி வெஸ்ட்மீட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருபது வருடம் போன் எடுத்த குரல், பிசிறில்லாமல் வந்தது.

அந்தப் பெண் திணறி, மன்னிப்புக் கேட்டாள். பத்து நாற்பதுக்கு அவர் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் வீடியோவில் ஐந்து நிமிடம் பேசுவதாக இருந்ததாம். பெயரை எடுத்துவிடுகிறோம் என்றாள்.

"எதைப் பற்றிப் பேச இருந்தார்?"

மனிதரை ஏற்றிச்செல்லும் பழைய விண்கலங்களுக்குப் பதிலாகப் புதியவை கட்டும் கூட்டுமுயற்சிக்கு அவுஸ்திரேலியா வரிப்பணத்தில் பங்கு போடலாமா என்பது பற்றி.

சிவகௌரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் அண்ணன் மகேந்திரராஜா வந்தால் இதே சண்டைதான். "சனம் ஆஸ்பத்திரியில வரிசையில கிடக்குது, உமக்கு ரொக்கெட் கேக்குதோ மச்சான்?" என்று அண்ணன் தொடங்குவார். அவளும் அண்ணன் பக்கம்தான். முழங்கால் ஒப்பரேஷனுக்கு ஒன்றரை வருடமாகக் காத்திருப்பவள் வேறு எந்தப் பக்கம் நிற்பாள்? ஆனால் மனிசன் இந்தச் சண்டையைக் கன்பரா வரைக்கும் கொண்டுபோவார் என்று அவள் நினைக்கவில்லை. அங்கே போய் என்னதான் சொல்ல இருந்தார்?

"பெயரை எடுக்க வேண்டாம். நான் பேசுகிறேன்," என்றாள்.

மகேந்திரராஜா இதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உனக்கு விசரே? பிரேதம் அங்க பெட்டிக்குள்ள கிடக்குது, நீ செத்தவீட்டுத் துடக்கோட கமராவுக்கு முன்னால இருக்கப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனத்துக்குக் கதை குடுத்ததே நீங்கள்தானே அண்ணா."

அது உண்மை. செத்தவருக்குப் பதவி உயர்வு கொடுப்பது நம் மரண அறிவித்தல்களில் புதிதல்ல. உதவியாளர் அதிகாரியாவார், அதிகாரி பணிப்பாளராவார். ஆனால் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த ஒருவரை 'அவுஸ்திரேலிய அரச விண்வெளி ஆலோசகர்' ஆக்கியது மகேந்திரராஜா ஒருவர்தான். சனிக்கிழமை மேசையில் சிவகௌரி வாசிக்காமல் விட்ட, அரசாங்கச் சின்னமும் 'விண்வெளி' என்ற தலைப்பும் போட்ட கடிதத்தைக் கண்டிருக்கிறார், அவ்வளவு போதுமாயிருந்தது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் எடுத்தவர்கள் துக்கம் விசாரித்த கையோடு, "நாசாவிலயே வேலை செய்தவர்?" என்றும் கேட்டார்கள்.

"ஞாயிறு தவறாமல் அந்தாளோட சண்டை பிடிச்சுப்போட்டு, செத்த உடன ஆலோசகராக்கிப் போட்டியள்," என்றாள் சிவகௌரி.

மகேந்திரராஜா ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார். "இனி நான் ஆரோட சண்டை பிடிக்கிறது, கௌரி?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

மகள் லக்சிகா தகப்பனின் லாப்டொப்பில் தேடி, பேசுவதற்கு அவர் எழுதிவைத்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வந்தாள். கொண்டுவரும்போதே வாசித்திருந்தாள். "அம்மா, யூ டோன்ட் ஈவன் அக்ரீ வித் திஸ்."

"நான் ஒத்துக்கொள்ளுறது வேற கதை. அந்த அஞ்சு நிமிசம் அப்பாவின்ர."

வாசித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை. குசினி மேசையில் லாப்டொப்பை வைத்து, வெள்ளைச் சேலையோடு அதன் முன் இருந்தாள். திரையில் நான்கு முகங்கள். தலைவர் அனுதாபம் சொன்னார். அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

"எனக்கு ரொக்கெட் தெரியாது. லிஃப்ட் தெரியும். ஒரு நாலுமாடிக் கட்டடத்தில் பழைய லிஃப்ட்டை மாற்றச் சொல்லி ஏழு வருடம் எழுதினேன். ஓடுகிறதுதானே என்றார்கள். ஒருநாள் நின்றது. புதியது வரப் பதினான்கு மாதம் எடுத்தது. நடக்கக்கூடியவர்கள் படியேறினார்கள். நாலாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருந்த பெண் அந்தப் பதினான்கு மாதமும் வீதியைக் காணவில்லை. மனிதரை ஏற்றும் எந்த வண்டிக்கும் இதுதான் நிலைமை. பழையது ஓடும்போதே புதியதற்குப் பணம் ஒதுக்குங்கள். நின்ற பிறகு ஒதுக்கினால், இடையில் வரும் வருடங்களில் அடுத்தவன் வாசலில் இடம் கேட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் பயந்து பயந்து பழையதிலேயே ஏற வேண்டும்.

"வானத்துக்குச் செலவழிப்பதே வீண் என்பவர்கள் இருக்கிறார்கள். என் மனைவி அவர்களில் ஒருத்தி. அவள் முழங்கால் வலியோடு..."

சிவகௌரி நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவள் முழங்கால் வலியோடு பேசுகிறாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இன்னும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனிதரை ஏற்றுவதென்றால் பத்திரமாக ஏற்றுங்கள். எந்த இயந்திரமும் சொல்லாமல் நிற்பதில்லை. முதலில் சத்தம் மாறும். நன்றி."

பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண் உறுப்பினர் கையை உயர்த்தினார். "கேட்கலாமா தெரியவில்லை. நிற்பதற்கு முன் சத்தம் மாறும் என்கிறாரே, அது என்ன மாதிரிச் சத்தம்?"

ஆறுதலுக்குக் கேட்ட கேள்வி அல்ல அது. அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அதைவிடச் சிவகௌரிக்குத் தெரிய வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடம் அந்த மனிசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் சாப்பிட்டீங்களோ என்று கேட்டிருக்கிறாள். இதை ஒருநாளும் கேட்கவில்லை.

"ஐ வில் ஆஸ்க் மை ஹஸ்பண்ட்," என்றாள். "கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

குசினி வாசலில் நின்ற மகேந்திரராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தலைவர் மெல்லச் சொன்னார், உடனே பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் அனுப்பலாம், அது குழுவின் வழக்கம்தான், இரண்டு கிழமை அவகாசம் இருக்கிறது.

"அம்மா, கார் வந்திட்டுது," என்றாள் லக்சிகா.

சிவகௌரி தலையாட்டினாள். பேனையை எடுத்து, தாளின் அடியில் 'என்ன சத்தம்?' என்று குறித்துக்கொண்டு எழுந்தாள்.