ஒற்றைக்கை அப்புக்காத்து

லா சப்பல் மெற்றோ ரயில் பாலத்துக்கு எதிரே, மாடியில் ஆன்ஜெலிக்கின் அலுவலகம். கிறிஸ்தோப்பரின் அகதி வழக்கைப் பேசுகிற அப்புக்காத்து அவள்தான். விசாரணை மறுநாள் காலமை. உணவகத்தில் கோப்பை கழுவி ஊறிய விரல்களை மடிக்குள் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். பழைய படமொன்றில் இராணுவ உடுப்போடு ஒருவன். வலது சட்டைக்கை வெறுமையாய் மடித்துக் குத்தியிருந்தது.

"ஆர் இவர்?"

மொழிபெயர்க்க வந்த தர்மிளா கேட்டுச் சொன்னாள். "மதாமின்ரை அம்மா வழிப் பூட்டனாம். அமெரிக்காவிலை அப்புக்காத்து. அடிமைகளை விடுவிக்கிற சண்டை வர, கந்தோரைப் பூட்டிப்போட்டுப் படைக்குப் போனவராம். கை போச்சு. இடக்கையாலை எழுதப் பழகித் திரும்பவும் வாதாடினவர். பிறகு சட்டசபைக்கும் போனவர். சனம் அந்த வெறுஞ் சட்டைக்கைக்குத்தான் வோட்டுப் போட்டதாம்."

துவக்குப் பிடித்ததைச் சொல்லியே வோட்டு வாங்கியிருக்கிறான் மனுசன்! கிறிஸ்தோப்பரோ அதே சொல்லைத் தொண்டைக்குள் வைத்து விழுங்கிக்கொண்டிருந்தான். "இயக்கமெண்டு மூச்சும் விடாதை. பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்" என்று, ரூ பெர்தொனே தெருவில் வழக்குக்குக் கதை கட்டிக் கொடுக்கிற கரிகாலன் அடித்துச் சொல்லியிருந்தான்.

ஆன்ஜெலிக் கேட்டதும் கிறிஸ்தோப்பர் சட்டையைத் தளர்த்தித் தோள் காயத்தைக் காட்டினான்.

"என்னண்டு வந்தது?" ஆன்ஜெலிக்கின் கேள்வியைத் தர்மிளா தமிழில் சொன்னாள்.

"பனையாலை விழுந்தது."

தர்மிளா அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை.

"அண்ணை, நீங்கள் பேசாலையிலை கடலுக்குப் போன ஆளெல்லே?"

"ஓம்."

"நானும் பேசாலைதான். எங்கடை வலைக்காரர் கள்ளுக்குத்தான் பனையடிக்குப் போவினம். ஏறினதை நான் காணேல்லை. இது வேறை ஆருக்கோ தைச்ச சட்டை. நாளைக்கு விசாரணையிலையும் மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் ஒருத்தர் இருப்பார், அவருக்கும் இது பிடிபடும்."

கரிகாலன் எல்லாருக்கும் ஒரே பனையைத்தான் நட்டு வைத்திருந்தான் போல. கிறிஸ்தோப்பர் தர்மிளாவின் பக்கம் திரும்பினான்.

"உண்மையைச் சொன்னாலும் அனுப்புவாங்கள், பொய்யைச் சொன்னாலும் அனுப்புவாங்கள். நான் என்ன செய்ய, தங்கச்சி?"

"நீங்கள் சொல்லுறதைத்தான் நான் பிரெஞ்சிலை மாத்திச் சொல்லுவன். யோசியுங்கோ."

மெற்றோ ஓடியது. ஜன்னல் அதிர்ந்தது, ஆணியில் படமும் ஆடியது.

"துவக்குப் பிடிச்சனான்," என்றான். "பதினேழு வயசிலை இயக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனவை. இது செல் வெடிச்ச காயம்."

தர்மிளா பனைக் கதையையும் சேர்த்துப் பிரெஞ்சில் சொன்னாள். ஆன்ஜெலிக்கின் பேனை நின்றுவிட்டது. அந்த முகத்தில் என்ன இருக்கிறதென்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு மெல்ல ஏதோ பேசினாள்.

"நாளைக்கு முதலாவதா இதைத்தான் சொல்லவேணுமாம். ஏன் மறைச்சனீங்கள் எண்டும் கேப்பினமாம். எல்லாம் உங்கடை வாயாலை வரவேணுமாம்."

"வெல்லுமோ?"

"தெரியாதாம். ஆனால் பனை கட்டாயம் தோக்குமாம்."

கிறிஸ்தோப்பர் தோளை மூடச் சட்டைப் பொத்தானைப் பிடித்தான். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடியே தடவினான். பொத்தான் ஓட்டை அகப்படவேயில்லை.