சுற்றாத வட்டம்

கடைசிப் படகு முடிவுக் கோட்டைக் கடந்து நாற்பத்து மூன்று நிமிடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறாவது நிமிடத்தில் நடுவர் மேசை மூடப்படும். மிச்சம் நாற்பத்தேழு. அதன் பிறகு பலகையில் ஒட்டியிருப்பதுதான் முடிவு. பலகையில் முதல் வரி எங்களுடையது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். உலகப் போட்டிக்கு நாட்டிலிருந்து ஒரு பெண்கள் படகுதான் போகும்.

அக்கா குழாயைப் பிடித்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பாயைச் சுருட்டினேன். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசியது மொத்தம் பதினொரு சொல். அதில் நான்கு "இழு".

ஒன்பது வருடமாக இதே வகைப் படகு. நீளம் நாலு மீட்டர் எழுபது. பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பது அக்கா. பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பை மாட்டி, விளிம்பில் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேல் மல்லாந்து தொங்குவது நான். காற்று படகைச் சாய்க்கும், என் உடம்பு அதை நிமிர்த்தும். அதனால் அக்கா எனக்கு எடைக்கல் என்று பெயர் வைத்தாள். கிளப்பில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. அம்மாகூட ஒருமுறை போனில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். தினமும் காலையில் நான் எடை மெஷினில் ஏறும்போது அக்கா பக்கத்தில் நின்று எண்ணைப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்த்ததில்லை.

கிளப் நடைவழியில் எங்கள் வகைப் படகில் ஜெயித்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதலில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றுதான் விதி இருந்தது. படங்களில் இருப்பது முழுக்க ஆண்கள். பிறகு பெண்களுக்குத் தனிப் பந்தயம் வந்தது. அங்கிருந்து இரண்டு வரிசை. இந்த உலகப் போட்டியோடு அதுவும் முடிகிறது. இனி ஒரு படகில் ஓர் ஆண், ஒரு பெண். எங்கள் படம் ஏறினால் பெண்கள் வரிசையில் அதுதான் கடைசி. ஆணிகூட அடித்து வைத்திருக்கிறார்கள்.

நேற்று, படகுகளை அளந்து எடை போடும் அறையில், கோச் ஒரு தாளை மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தார். உலகப் போட்டிக்குப் பிறகு வரப்போகும் ஆண்-பெண் ஜோடிகளின் பட்டியல். அக்கா பெயருக்கு எதிரே கோச்சின் தம்பி. கீழே அக்காவின் கையெழுத்து. தேதி ஏழு மாதம் முந்தையது. என் பெயர் எந்த வரியிலும் இல்லை. தாளை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன்.

"குழாய் இன்னிக்குக் கிடைக்குமா, இல்ல அதையும் ஜெயிச்சாச்சா?"

சிவப்புத் தொப்பி. இரண்டாவதாக வந்த படகில் சுக்கான் பிடிப்பவள்.

"ரெண்டாவது வந்தவங்க ரெண்டாவதா கழுவுங்க," என்றாள் அக்கா, திரும்பாமலே.

"கடைசி மிதவை ஏன் அப்படி ஆடுச்சு?"

"அலை."

"எங்களுக்கு அலையே இல்லையே."

"பின்னாடி வந்தா எதுவும் தெரியாது."

எங்கள் பந்தயத்தில் படகுகள் சுற்றித் திரும்பும் மிதவை ஒவ்வொன்றிலும் நடுவர் கிடையாது. மிதவையில் படகு பட்டாலும், படகில் இருப்பவர் உடம்பு பட்டாலும், பட்டவர்களே அங்கேயே படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சுற்றவில்லை என்றால் கரைக்கு வந்து, விலகுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வட்டத்துக்குப் பதினைந்து நொடி ஆகும். நாங்கள் ஜெயித்தது நாலு நொடி வித்தியாசத்தில்.

சிவப்புத் தொப்பி என்னைப் பார்த்தாள். "நெட்டை, நீதானே அந்தப் பக்கம் தொங்குன. நீ சொல்லு."

"அவளை ஏன் கேக்குற? எடைக்கல் எங்கயாவது பேசுமா?" அக்கா சிரித்தாள்.

சிவப்புத் தொப்பி தன் படகுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பாயின் உறையை மூடினேன்.

"அந்தத் தாளைப் பாத்தேன்," என்றேன். "ஏழு மாசம் முன்னாடியே கையெழுத்துப் போட்டிருக்க."

அக்கா படகின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சினாள். "விதிய நானா மாத்துனேன்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு கிலோ ஏறியிருப்ப. இந்தப் போட்டி வரைக்கும் நீ வேணும்டி. அப்புறம் படிச்ச படிப்புக்கு ஏதாவது லேப்ல போய் உக்காரு."

"அவ்ளோதானா?"

"வேற என்ன? மாலை போடணுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோபத்துல மிதவையில பட்டத மட்டும் எங்கயும் உளறி வைக்காத."

பட்டதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கண் பாயில் இருந்தது, அந்த ரகசியத்தைச் சுமப்பது நான் மட்டும் என்று. அவளுக்காகத்தான் சுமக்கிறேன் என்றும், நேற்றுத் தாளைப் பார்த்த பிறகும்கூட. அவளோ பார்த்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் முப்பத்தொரு நிமிடம் இருந்தது. இப்போது சொன்னால் எதற்காகச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரியாது. தாளைப் பார்க்கும் முன் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அப்போது இந்தப் பந்தயமே நடந்திருக்கவில்லை.

"இந்தா, கழுவிக்கோ." அக்கா குழாயைச் சிவப்புத் தொப்பியின் காலடியில் எறிந்தாள்.

தண்ணீரின் வேகத்தில் குழாய் சிமெண்டுத் தரையில் துள்ளியது. வாயைத் தூக்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, எங்கள் எல்லோரையும் நனைத்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"பட்டுச்சு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கடைசி மிதவையில என் இடுப்பு பட்டுச்சு. நாங்க சுத்தல."